பொங்கும் மாவைப் புரிந்து செய்வோம்: வீட்டில் சீனிப்பூச்சு டோனட்

பாடத்தின் நோக்கம்

வெதுப்பகங்களின் கண்ணாடிப் பெட்டியில் பணிசுக்கும் கேக்குக்கும் பக்கத்தில் டோனட் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாணுக்கும் பணிசுக்கும் போறணை வேண்டும். டோனட்டுக்கு ஒரு தாச்சியும் அடுப்பும் போதும். ஆகவேதான் வீட்டிலிருந்து சிறு வருமானம் தேட விரும்பும் பெண்களுக்கு இது ஏற்ற பண்டமாகச் சொல்லப்படுகின்றது.

ஆயினும் இதைத் தொடங்கும் பலர் சில தடவைகளுக்குப் பின் கைவிட்டுவிடுகின்றனர். ஒரு நாள் பஞ்சுபோல் வரும். மறுநாள் கல்லுப்போல் இருக்கும். இன்னொரு நாள் எண்ணெய் குடித்துச் சப்பையாகிவிடும். செய்முறைக் குறிப்பில் "ஒரு மணித்தியாலம் பொங்க விடவும்" என்று எழுதியிருக்கும். ஆனால் ஈஸ்ட் மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்வதில்லை. அது சூட்டையும் ஈரத்தையும் உணவையும் பார்த்தே வேலை செய்கின்றது. இதை விளங்கிக்கொண்டவருக்கு மா அநேகமாக வீணாவதில்லை. மா வீணாகாவிட்டால்தான் சிறு தொழிலில் இலாபம் உண்டு. இதுவே இப்பாடத்தின் சாரம்.

1. ஈஸ்ட் என்றால் என்ன?

கடையில் சிறு மணிகளாகக் கிடைக்கும் ஈஸ்ட் ஒரு தூள் மருந்தன்று, உயிருள்ள பொருள். பாடசாலை விஞ்ஞான நூல்களில் இதனை மதுவம் என்பர். கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணங்கி உலர்ந்த நிலையில் உறங்கிக் கிடக்கின்றது. ஈரமும் இளஞ்சூடும் கிடைத்ததும் விழித்து, மாவிலுள்ள வெல்லத்தை உண்டு, காபனீரொட்சைட்டு வாயுவையும் சிறிதளவு மதுசாரத்தையும் வெளிவிடுகின்றது. அந்த வாயுவே மாவைப் பொங்கச் செய்கின்றது. நொதித்தல் உயிருள்ள நுண்ணங்கிகளின் வேலை என்பதை பிரான்சிய விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்ட ஆய்வுகளால் எடுத்துக்காட்டினார்.

இது எமக்குப் புதிய விடயமல்ல. அப்பத்துக்கு மாவைக் கரைத்துக் கள்ளு விட்டுப் புளிக்க வைப்பது எமது பழைய வழக்கம். கள்ளில் இயற்கையாகவே வாழும் ஈஸ்ட்தான் அப்ப மாவைப் பொங்க வைக்கின்றது.

ஈஸ்டைப் பற்றி மனதில் வைத்திருக்க வேண்டிய நான்கு விடயங்கள்:

அ) 25 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் அது நன்றாக வேலை செய்யும். குளிரில் மந்தமாகும், இறந்துவிடாது.
ஆ) 60 பாகையளவு சூட்டில் அது இறந்துவிடும். கொதிக்கும் பாலை ஊற்றினால் எவ்வளவு நேரம் காத்திருந்தும் மா பொங்காது.
இ) சிறிது சீனி அதற்கு உணவு. கூடுதலான சீனியும் உப்பும் அதனுடைய நீரை உறிஞ்சி அதனைத் தளரச் செய்யும். இனிப்புக் கூட வேண்டுமாயின் அதைப் பூச்சில் கூட்டுங்கள், மாவில் அல்ல.
ஈ) திறந்த பைக்கற்று ஈரத்தை இழுத்துப் பழுதாகும். காற்றுப் புகாத போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் சிறு பைக்கற்றுகளையே வாங்க வேண்டும்.

2. ஏன் கோதுமை மா?

ஈஸ்ட் வாயுவை உண்டாக்கினாலும் அதைப் பிடித்து வைக்க ஒரு பை வேண்டும். கோதுமை மாவிலுள்ள புரதங்கள் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்னும் இழுபடும் வலையாக மாறுகின்றன. பலூன் போல் விரிந்து வாயுவைப் பிடிப்பது இந்த வலைதான். அரிசி மாவிலும் குரக்கன் மாவிலும் இது இல்லை. ஆகவே செலவைக் குறைப்பதற்காக அவற்றைக் கூடுதலாகக் கலந்தால் டோனட் உப்பாது.

டோனட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று பேக்கிங் பவுடர் சேர்த்து உடனே பொரிப்பது. முதலாம் உலகப் போரின்போது, 1917ஆம் ஆண்டு, பிரான்சிலிருந்த அமெரிக்கப் படையினருக்கு இரட்சணிய சேனையின் பெண் தொண்டர்கள் பொரித்துக் கொடுத்தது இந்த வகைதான். உருளைக்குப் பதிலாகப் போத்தலால் மாவைத் தட்டையாக்கி, சிறிய தாச்சியில் சிலவாகப் பொரித்தார்கள். மற்றது நாம் இங்கு படிக்கும் ஈஸ்ட் டோனட். இதற்குக் காத்திருப்புக் கூட. ஆனால் மிருதுவாகவும் இலேசாகவும் இருக்கும்.

3. தேவையான பொருட்கள் (18 டோனட்டுக்கு)

மாவுக்கு:
கோதுமை மா – 500 கிராம்
சீனி – 60 கிராம் (4 மட்ட மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட)
உடனடி ஈஸ்ட் – 7 கிராம் (சுமார் 2 தேக்கரண்டி)
உப்பு – 1 தேக்கரண்டி
மாஜரின் அல்லது பட்டர் – 60 கிராம்
முட்டை – 1
பால்மா – 3 மேசைக்கரண்டி
இளஞ்சூட்டு நீர் – 240 மி.லீ.

பூச்சுக்கு:
ஐசிங் சீனி – 300 கிராம்
சுடுநீர் அல்லது சூடான பால் – 5 மேசைக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை
வனிலா – சில துளி

பொரிக்க: எண்ணெய் 1 லீற்றர்.

வெப்பமானி இல்லாதவர்கள் இளஞ்சூட்டு நீர் பெற ஒரு வழி: நான்கு பங்கு சாதாரண நீருடன் ஒரு பங்கு கொதித்த நீரைக் கலவுங்கள். 35 முதல் 42 பாகை வரையான சூடு கிடைக்கும். மணிக்கட்டில் ஒரு துளி விட்டால், குழந்தைக்குக் கொடுக்கும் பால்போல் இதமாக இருக்க வேண்டும்.

4. மாவைத் தயாரித்தல்

1. ஈஸ்டைச் சோதித்தல். இளஞ்சூட்டு நீரில் பாதியை எடுத்து ஒரு தேக்கரண்டி சீனியைக் கரைத்து ஈஸ்டைத் தூவி, 10 நிமிடம் மூடி வையுங்கள். மேலே நுரை கட்டினால் ஈஸ்ட் உயிருடன் இருக்கின்றது. நுரை வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பைக்கற்று ஈஸ்டுடன் நட்டம் முடிந்துவிடும். மாவும் முட்டையும் மிஞ்சும்.

2. கலத்தல். மா, மீதிச் சீனி, உப்பு, பால்மா ஆகியவற்றை அரித்துக் கலந்து, நடுவில் குழி செய்து, ஈஸ்ட் கரைசல், அடித்த முட்டை, மீதி நீர் ஆகியவற்றைச் சேருங்கள். மா ஒன்றாகத் திரண்ட பின்பே மாஜரினைச் சேர்க்க வேண்டும். கொழுப்பை முதலிலேயே கலந்தால் அது மாவை மூடிக்கொண்டு வலை உண்டாவதைத் தாமதிக்கும்.

3. பிசைதல். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, திருப்பி, 10 முதல் 12 நிமிடம் பிசையுங்கள். தொடக்கத்தில் மா கையில் ஒட்டும். ஒட்டுகின்றதே என்று மேலும் மேலும் மா தூவாதீர்கள். டோனட் கடினமாவதற்கு இதுவே முக்கிய காரணம். கையில் சிறிது எண்ணெய் பூசிக்கொண்டால் போதும். ஒரு சிறு துண்டை எடுத்து மெதுவாக விரித்துப் பாருங்கள். அறுந்து போகாமல், ஒளி தெரியும் மெல்லிய சவ்வாக விரிந்தால் பிசைந்தது போதும்.

4. முதலாவது பொங்கல். எண்ணெய் பூசிய பாத்திரத்தில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். மா இரு மடங்காக வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு போன்ற வெப்பமான இடங்களில் இதற்கு 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை செல்லும். நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிரான இடங்களில் இரண்டு மணித்தியாலமும் ஆகலாம். அங்கே பாத்திரத்தை அணைந்த அடுப்பின் அருகே வைக்கலாம். அடுப்பின் மேல் வைக்கக் கூடாது.

இரு மடங்கானதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பிசைந்த மாவில் சிறு துண்டை நேரான கண்ணாடிப் போத்தலில் இட்டு அழுத்தி, அதன் மட்டத்தையும் அதற்கு இரு மடங்கான உயரத்தையும் நூல் கட்டிக் குறித்து, பாத்திரத்தின் பக்கத்திலேயே வையுங்கள். போத்தலிலுள்ள மா மேல் நூலைத் தொடும்போது பாத்திரத்து மாவும் தயாராக இருக்கும்.

5. உருவமைத்தல். மாவை மெதுவாக அழுத்தி வாயுவை வெளியேற்றுங்கள். தராசு இருந்தால் 50 கிராம் வீதம் நிறுத்து எடுங்கள். இல்லாவிட்டால் மாவை இரண்டாகவும், ஒவ்வொன்றையும் மூன்றாகவும், அவற்றை மீண்டும் மூன்றாகவும் பிரித்தால் 18 துண்டுகள் வரும். உருண்டையாக்கி 10 நிமிடம் ஆற விட்டு, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குத் தட்டி, மா தொட்ட விரலால் நடுவில் துளையிட்டு, 3 சென்ரிமீற்றர் வரை அகலமாக்குங்கள். பொங்கும்போது துளை சுருங்கும். உழுந்து வடையில் துளை இடுவதும் இதே காரணத்துக்காகத்தான்: நடுப்பாகம் வேகாமல் நிற்கக் கூடாது. அச்சால் வெட்டினால் துண்டுகள் மிஞ்சி அவற்றை மீண்டும் பிசைய வேண்டி வரும். விரலால் துளையிட்டால் கழிவில்லை, எடையும் ஒன்றாக இருக்கும்.

6. இரண்டாவது பொங்கல். ஒவ்வொரு டோனட்டையும் எண்ணெய் பூசிய வாழையிலைத் துண்டின் மேல் தனித்தனியாக வைத்து மூடி, வெப்பமான இடங்களில் 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். அதிகம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். இங்கே மணிக்கூட்டை நம்ப வேண்டாம், விரலை நம்புங்கள். ஓரத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்:

பள்ளம் உடனே மேலெழுந்தால் – இன்னும் பொங்க வேண்டும்.
மெதுவாகப் பாதி எழுந்து சிறு பள்ளம் நின்றால் – இப்போதே பொரிக்க வேண்டும்.
எழாமல் அமிழ்ந்து போனால் – அளவு மீறிவிட்டது.

அளவு மீறிய மாவை எறிய வேண்டாம். வாயுவை வெளியேற்றி மீண்டும் உருவமைத்து, குறைந்த நேரம் பொங்க விட்டுப் பொரிக்கலாம். மிருது சற்றுக் குறையும், மா வீணாகாது.

5. பொரித்தல்

இரண்டாவது பொங்கல் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே எண்ணெயை அடுப்பில் வையுங்கள். ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. தேவையான சூடு 175 முதல் 185 பாகை. ஒரு சிறு துண்டு மாவைப் போட்டால் அது கீழே போய்ச் சில விநாடிகளில் குமிழியுடன் மேலே வந்து, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பொன்னிறமாக வேண்டும். மந்தமாகக் கிடந்தால் சூடு போதாது. அரை நிமிடத்துக்குள் கறுத்தால் சூடு அதிகம். எண்ணெய் புகைக்கும் வரை காய்ச்சக் கூடாது.

வாழையிலையைப் பிடித்தபடி டோனட்டைப் பக்கவாட்டில் மெதுவாக எண்ணெயில் நழுவ விடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று போதும். அதிகம் போட்டால் எண்ணெய் குளிர்ந்து, மா எண்ணெய் குடிக்கும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை விட்டு, ஒரே ஒரு தடவை திருப்புங்கள். இரண்டு பொன்னிறப் பக்கங்களுக்கும் நடுவே வெளிர்நிற வளையம் தெரிந்தால், டோனட் நன்றாகப் பொங்கி எண்ணெயில் உயர மிதந்தது என்று அறியலாம்.

எண்ணெயை ஆறிய பின் வடித்து மீண்டும் ஓரிரு முறை பாவிக்கலாம். கறுத்தாலும், நுரைத்தாலும், காறல் மணம் வந்தாலும் வேறு எதற்கும் எடுக்காமல் அகற்றிவிடுங்கள்.

கவனம்: பொரிக்கும் இடத்தில் சிறுவர்களை விடாதீர்கள். எண்ணெய் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. நெருப்பை நிறுத்தித் தாச்சியை மூடியால் மூடுங்கள். கை சுட்டுவிட்டால் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். காயம் பெரிதாயின் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

6. சீனிப்பூச்சு

ஐசிங் சீனியை அரித்து, சுடுநீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கரண்டியிலிருந்து நூல்போல் வழிந்து, விழுந்த தடம் சில விநாடிகளில் மறைந்தால் பதம் சரி. உப்பையும் வனிலாவையும் கடைசியில் சேருங்கள்.

டோனட்டை எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு மூன்று நிமிடம் வடிய விட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே ஒரு பக்கத்தைப் பூச்சில் தோய்த்துக் கம்பித்தட்டில் வையுங்கள். கொதிக்கும் சூட்டில் தோய்த்தால் பூச்சு வழிந்து போகும். முற்றாக ஆறிய பின் தோய்த்தால் தடிப்பாக ஒட்டி, பின்பு உடைந்து விழும். மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரம் சீனியைக் கசியச் செய்யும். அந்நாட்களில் பூச்சைச் சற்றுத் தடிப்பாகக் கரையுங்கள், அல்லது பூச்சை விட்டுவிட்டுப் பொடித்த சீனியில் புரட்டி விற்றுவிடுங்கள். எதுவாயினும் முற்றாக ஆறுமுன் பெட்டியில் அடைத்து மூடக் கூடாது. உள்ளே எழும் ஆவி பூச்சைக் கரைத்துவிடும்.

7. குறைகளும் காரணங்களும்

கனமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் – மா கூடிவிட்டது, பிசைந்தது போதாது, அல்லது பொங்க விட்டது போதாது.
எண்ணெய் குடித்திருந்தால் – எண்ணெய்ச் சூடு குறைவு, அல்லது மா அளவு மீறிப் பொங்கிவிட்டது.
வெளியே கறுத்து உள்ளே பச்சையாக இருந்தால் – எண்ணெய்ச் சூடு அதிகம்.
பொரித்த பின் சுருங்கிச் சப்பையானால் – இரண்டாவது பொங்கல் நீண்டுவிட்டது.
புளிப்பு மணம் வந்தால் – மா வெப்பத்தில் அதிக நேரம் நின்றுவிட்டது.

ஒவ்வொரு தடவையும் நேரம், காலநிலை, விளைவு ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பத்துத் தடவைக்குப் பின் உங்கள் வீட்டுக்குரிய செய்முறை உங்கள் கையில் இருக்கும்.

8. இலாபமா, நட்டமா?

2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டினாலும் மா விலையேற்றத்தினாலும் எமது நாட்டில் பல வெதுப்பகங்கள் மூடப்பட்டன. பெரிய இடங்களுக்கே அந்த நிலையாயின் சிறியவர்கள் கணக்கின்றித் தொழில் செய்ய முடியாது. விலை மாறும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

செலவில் சேர்க்க வேண்டியவை: மாவும் மற்றப் பொருட்களும், பூச்சு, டோனட் குடித்த எண்ணெய், விறகு அல்லது எரிவாயு, பொதி செய்யும் தாள், போக்குவரத்து. எண்ணெயைப் பொரிக்க முன்னும் ஆறிய பின்னும் அளந்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். பலரும் மறந்துவிடும் செலவு இதுவே.

கணக்குப் பழகுவதற்காக இலகுவான எண்களை எடுப்போம். இவை இன்றைய விலைகள் அல்ல. 18 டோனட்டுக்கு மொத்தச் செலவு 720 ரூபா. ஒன்றை 50 ரூபாவுக்கு விற்கின்றீர்கள்.

18உம் விற்றால்: வரவு 900 ரூபா, மிச்சம் 180 ரூபா.
15 மட்டும் விற்றால்: வரவு 750 ரூபா, மிச்சம் 30 ரூபா.
மா முழுவதும் பழுதானால்: நட்டம் 720 ரூபா.

மூன்று டோனட் மீந்தால் 180 ரூபா 30 ஆகிவிடுகின்றது. ஒரு தடவை மா முழுவதும் கெட்டால், நல்லபடியாகச் செய்த நான்கு தடவைகளின் மிச்சம் முழுவதும் போய்விடுகின்றது. ஆகவே விலையைக் கூட்டுவதைவிட, கெடாமல் செய்வதும் விற்கக்கூடிய அளவுக்கு மாத்திரம் செய்வதுமே உறுதியான வழி. ஈஸ்ட் டோனட் அன்றைய பண்டம். மறுநாள் காய்ந்து சுவை குறையும். முதல் நாளே தேநீர்க்கடையிலும் அயலிலும் எத்தனை வேண்டுமென்று கேட்டுச் செய்யுங்கள்.

உங்கள் உழைப்பையும் எண்ணுங்கள். மேற்படி 180 ரூபாவில்தான் உங்கள் கூலி இருக்கின்றது. வெப்பமான இடத்தில் கலந்து பிசைய 20 நிமிடம், முதல் பொங்கலுக்கு 60, உருவமைக்க 20, இரண்டாவது பொங்கலுக்கு 30, பொரிக்க 30, பூச்சுக் காய 30: மொத்தம் 3 மணித்தியாலம் 10 நிமிடம். காலை 6.30க்குக் கடையில் கொடுப்பதாயின் 3.20க்கு எழும்ப வேண்டும். பகலெல்லாம் வீட்டு வேலையும் தோட்ட வேலையும் செய்யும் பெண்ணுக்கு இது பெருஞ்சுமை. மாலைத் தேநீருக்குக் கொடுப்பதாயின் நண்பகலில் தொடங்கலாம். அத்துடன் இந்த நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பே. இரு மடங்கு மா குழைத்தால் உழைப்பு இரு மடங்காகாது. இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து செய்தால் ஒருவர் பொரிக்க மற்றவர் பூச்சிடலாம். எண்ணெயும் விறகும் மிச்சப்படும்.

9. விற்பனைக்கு முன்

உணவுப் பண்டங்கள் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டவை. தொழில் தொடங்க முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் பிரதேச சபையையும் அணுகி, தேவையானவற்றைக் கேட்டறியுங்கள். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கொடுக்க எண்ணினால், அங்கு எவ்வகை உணவுகளுக்கு இடமுண்டு என்று முதலில் அதிபரிடம் விசாரியுங்கள். சீனியும் எண்ணெயும் நிறைந்த பண்டம் பிள்ளைகளின் நாளாந்த உணவாகக் கூடாது. கொண்டாட்டத்துக்கும் இடைக்கிடை ஆசைக்கும் உரியது என்றே எமது வீட்டிலும் வைத்துக்கொள்வோம்.

10. குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் ஊரில் காலையிலா மாலையிலா டோனட்டுக்குக் கூடுதல் கேள்வி இருக்கும்? எந்தெந்த இடங்களில்?
2. உங்கள் வீட்டில் மா இரு மடங்காக எவ்வளவு நேரம் எடுக்கின்றது? மழை நாளிலும் வெயில் நாளிலும் அளந்து ஒப்பிடுங்கள்.
3. இவ்வாரக் கடை விலைகளின்படி ஒரு டோனட்டின் செலவைக் கணக்கிடுங்கள். மூன்று மீந்தால் மிச்சம் என்ன?
4. தனியாகச் செய்வதா, சேர்ந்து செய்வதா உங்கள் குழுவுக்கு ஏற்றது? மிச்சத்தையும் நட்டத்தையும் எவ்வாறு பங்கிடுவீர்கள்?

முதல் மாதத்தில் விற்பதற்கு அவசரப்பட வேண்டாம். 250 கிராம் மாவுடன், எல்லா அளவுகளையும் பாதியாக்கி, வீட்டாருக்கும் அயலாருக்குமாக நாலைந்து தடவை செய்து பழகுங்கள். ஒரு முட்டையைப் பாதியாக்க, அதை அடித்து இரண்டு மேசைக்கரண்டி எடுத்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். பொங்கிய மாவைத் தொட்டதும் அதன் பதத்தை விரல் சொல்லும் நாள் வரும். அன்றைக்குக் கடைக்காரரிடம் பேசப் போகலாம்.